ஒரு பார்ட்டுதான் பாக்கி

மேம்படுத்துகிறவர்கள் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுச் செல்போன் வாங்கியதும் அதற்கு ஓர் உறை, உறைக்கு மேல் இன்னோர் உறை, திரைக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடி கீறாமலிருக்க அதன் மேல் ஒரு தாள் என்று போட்டு முடித்து, அழைப்பு வந்தால் எதிர்முனையில் பேசுகிறவர் குரல் காதில் விழாமல் நடுத்தெருவில் நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார்களே, அவர்கள் இந்த இனத்தில் சாதாரண உறுப்பினர்கள். மோட்டார் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கம்பி கட்டி, வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதிசெய்துகொண்டு, அந்த அகலத்தில் எந்தச் சந்துக்குள்ளும் நுழைய முடியாமல் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பவர்கள் நடுத்தரம். இவர்களுக்கெல்லாம் மேலே, உச்சியில், தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் இருக்கிறது.

பறக்கும் என்றா சொன்னேன்? சொல்லின் வசதிக்காகச் சொன்னது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு ஏதும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர் ஒருவர். காஸ்பர் அண்ணன். நான் நல்லூர்ப் பக்கத்துக்காரி. பட்டம் வாங்கிவிட்டு, அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், விருத்தாசலத்தில் சித்தி வீட்டில் தங்கிப் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சித்தி வீடும் அவர் வீடும் ஒரே காம்பவுண்டு. அவரும் அவர் மனைவி ஜோஸ்பின் அக்காவும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மின்சாரப் பெட்டியில் இருக்குமே வெள்ளையாக ஃபியூஸ் கட்டை, அது அங்கே தயாராகிறது. அண்ணன் அச்சில் களிமண்ணை அழுத்துவார். அக்கா அதன் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி எடுப்பார். அதாவது, ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிசெய்கிற ஏற்பாடு கம்பெனியிலும் உண்டு, வீட்டிலும் உண்டு.

ஹெலிகாப்டரை ஷார்ஜாவிலிருந்து வந்த அவர் மச்சான் கொடுத்தார். ஒன்றரை முழ நீளம். அதைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டதற்கு, மூன்று நாள் என் வணக்கத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் கருவேலம் வெட்டிய காலி மனையில் அது முதன்முதலாக மேலே எழும்பியது. பதினோரு விநாடி பறந்தது. பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து, தரையில் விழுந்தது. இறக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தலைப்பகுதி, பிளாஸ்டிக், இரண்டாக உடைந்தது.

இந்த இடத்தில் மனித குலம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார், "இது ஏன் விழுந்தது?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் பெரும்பாலும் ஓட்டியவரின் கைகளில் இருக்கும். பத்து நாள் பழகவேண்டியிருக்கும். பத்து நாளும் அசடு வழியவேண்டியிருக்கும். இன்னொரு சாரார், "இது ஏன் உடைந்தது?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் பார்சலில் வரும். அசடு வழியவே வேண்டாம். காஸ்பர் அண்ணன் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, இனத்தின் பிரதிக்ஞையை எடுத்துக்கொண்டார்:

"பிளாஸ்டிக்குல்ல. அதான்."

அலுமினியத் தலை வந்தது. மாட்டினார். பறந்தது, விழுந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைக்குக் கீழே இருந்த தண்டு வளைந்தது. தண்டு என்ன செய்யும் பாவம், அதுவரை தலை உடைந்து அடியை வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது தலை நிமிர்ந்து நிற்க, அடி கீழே இறங்கிவிட்டது. எஃகுத் தண்டு வந்தது. விழுந்தது. தண்டு நின்றது, பல்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்தன. உலோகப் பல்சக்கரம் வந்தது. விழுந்தது. பல்சக்கரம் நின்றது, இறக்கையைச் சாய்க்கிற குட்டி மோட்டார் போயிற்று. எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் ஆளாளுக்கு வாசலை ஒரு முழம் உயர்த்திக்கொள்வார்கள். மழைத் தண்ணீர் உயர்த்தாத வீட்டைத் தேடிக்கொண்டு போகும். ஹெலிகாப்டருக்குள்ளும் அதேதான் நடந்தது. எந்த வீடு இன்னும் உயரவில்லையோ அந்த வீட்டுக்குள் அடி புகுந்தது.

நான்காவது முறைக்குப் பிறகு அண்ணன் பறக்கவிடுவதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஒரு பார்ட்டும் உடையவில்லை. உழைப்பு என்றால் அப்படி ஓர் உழைப்பு.

நிறுத்திவிட்டாரே என்று நினைக்காதீர்கள். அவர் வார்த்தையில், தயார் செய்துகொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, பெட்டியைத் திறந்து, அறுவைச் சிகிச்சைக்கு வைப்பதுபோல ஸ்குரு டிரைவர்களை உயரவாரியாக அடுக்கி, போன வாரம் முறுக்கிய திருகுகளை எல்லாம் கழற்றி, துடைத்து, கழன்றுவிடாமலிருக்க நீலப் பசை தடவி, மறுபடியும் முறுக்குவார். பிறகு ஒவ்வொரு பார்ட்டையும் காதருகே பிடித்து நகத்தால் தட்டிப் பார்ப்பார். இது கம்பெனிப் பழக்கம். சூளையிலிருந்து வந்த கட்டையை அப்படித் தட்டினால், நல்லதாக இருந்தால் டிங்கென்று சொல்லும், உள்ளே விரிசல் இருந்தால் டொக்கென்று சொல்லும். அலுமினியத்துக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. அது எப்போதும் டிங்கென்றுதான் சொல்லும். அண்ணன் முகத்தில் ஒளி வரும். சாப்பாடு பக்கத்து அறையில், தரையில் நடக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு தவறு செய்வார்கள். "இது பறக்குமாங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

அண்ணன் ஹெலிகாப்டரை எடுத்து அவர்கள் கையில் வைப்பார்.

"தூக்கிப் பாருங்க."

"அய்யோ, செம வெயிட்டா இருக்குதே!"

"மெட்டலுங்க. ஃபுல்லா மெட்டலு. ஒரு தடவ மாட்டிட்டா லைஃப் டைமு."

பறக்கவேண்டிய ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அதன் கனத்தைப் பெருமையாகச் சொல்லக்கூடிய உயிரினம் உலகில் வேறு உண்டா?

முதலில் எட்டு நிமிடம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்த பேட்டரி, இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று நிமிடம் வந்தாலே அதிகம். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மூன்று நிமிடமும் தேவைப்படவில்லையே.

இதில் என் பங்கும் உண்டு. மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. காம்பவுண்டுக்கும் அதுதான் முதல். ஆகவே மாத்திரைச் சீட்டு, பாங்குக் கடிதம், எரிவாயுக்காரன் அனுப்பும் குறுஞ்செய்தி எல்லாம் என்னிடம் வரும். பார்ட்டு விற்கிற இணையதளங்களில் வாங்கியவர்கள் எழுதிவைத்திருக்கும் அபிப்பிராயங்களும் வந்தன.

"பாப்பா, என்னா போட்டிருக்கான் பாரு. எத்தினி நாளு ஒழைக்குமாம்?"

நான் உரக்க வாசித்து, தமிழில் சொல்லுவேன். மெக்ஸிகோக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "மிக உறுதியான பொருள். கண்ணாடிபோலப் பளபளக்கிறது. இன்னும் மாட்டவில்லை." ஐந்து நட்சத்திரம். போலந்துக்காரர்: "மூன்றாவது முறை வாங்குகிறேன். அற்புதம்." அவரும் ஐந்து. ஒரே ஒருவர், எந்த ஊரென்று போடவில்லை, "இதற்குப் பழைய பிளாஸ்டிக்கே தேவலை, உடைந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு மறுபடி பறக்கலாம்" என்று எழுதியிருந்தார். ஒரு நட்சத்திரம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "இவன் ஓட்டத் தெரியாதவன் போல" என்றார்.

நானும் தலையாட்டினேன். மூன்று வருடம் இயற்பியல் படித்தவள். ஏன் தலையாட்டினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஒருநாள் தடித்த உறை ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. உள்ளே பாசிமணி அளவில் எட்டுப் பேரிங்குகள். அண்ணன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"சாதா இரும்பு குண்டு இல்ல பாப்பா. உள்ளார செராமிக்கு குண்டு. தேயவே தேயாது."

ஜோஸ்பின் அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, முடியில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊருக்கா? செராமிக்கா? தபால்லயா?" என்றார். "நாளக்கி ஒரு கூட களிமண்ணு வருமா பாருங்க, சீனாவுலேர்ந்து."

"ஒனக்கு எது சொன்னாலும் கேலிதான்."

"இல்லங்க, ஒரு சந்தேகம். நாம கம்பெனியில செய்யிறது என்னா?"

"பீஸு கட்ட."

"அதுல எதுக்கு அவ்ளோ மெல்லிசா கம்பி கட்றாங்க?"

"உருகறதுக்கு."

"எதுக்கு உருகணும்? தடியா கட்டுனா உருகாம நிக்குமில்ல? லைஃப் டைமு?"

"அடியே, அது உருகுனாதான் வூடு தப்பிக்கும். தடியா கட்டுனா கம்பி நிக்கும், டிவி, ஃபேனு, மீட்ரு எல்லாம் எரிஞ்சிடும்."

"அதத்தாங்க கேக்கறேன். அந்தப் பழைய பிளாஸ்டிக்கு தலை ஒடஞ்சப்ப மத்ததெல்லாம் நல்லாதானே இருந்துச்சி?"

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியில் அது தெரிந்தது. பதினெட்டு வருடமாக நாளுக்கு எண்ணூறு ஃபியூஸ் கட்டை அழுத்துகிற மனிதர். ஒரு கணம் எங்கே போய் முட்டப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நெற்றி தெளிந்தது.

"அது கரண்டு," என்றார். "இது மெக்கானிக்கலு."

இனத்தின் தனிச்சிறப்பு இது. தெரியாமல் தவறு செய்பவரைத் திருத்திவிடலாம். தெரிந்ததை எல்லாம் கம்பெனி வாசலிலேயே சைக்கிளோடு பூட்டிவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரை என்ன செய்ய?

இவ்வளவோடு போயிருந்தால் இது அவர் வீட்டு மேசைப் பிரச்சினை. ஜூன் மாதம் வந்தது. அந்தோணியார் திருவிழா வந்தது.

தெருக்கோடிச் சிற்றாலயத்தில் கொடியேற்றத்தை ஒவ்வொரு வருடமும் ஓர் அன்பியம் ஏற்று நடத்தும். அன்பியம் என்பது தெருவாரியாகச் சேர்ந்து செபிக்கிற குடும்பங்களின் குழு. இந்த வருடம் ஜோஸ்பின் அக்காவின் அன்பியத்துக்கு முதல்முறையாக அந்த வாய்ப்பு. இருபத்திரண்டு குடும்பம். பாதிப் பேர் செராமிக் கூலிகள், மீதிப் பேர் கட்டட வேலை. "அதுங்களுக்கு என்னா தெரியும், கொடியேத்தத்த நடத்த?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்து அன்பியத்தில் பேசிக்கொண்டது அக்காவின் காதுக்கு வந்திருந்தது. அதனால் நெய்வேலியிலிருந்து ட்ரோன் ஓட்டுகிற ஒருவரைப் பிடித்து, கொடி மேலே ஏறும்போது வானத்திலிருந்து பூ விழவேண்டும் என்று பேசி முடித்திருந்தார். பக்கத்து ஊர்களில் எல்லாம் விழுகிறது. இங்கே இதுவரை விழுந்ததில்லை.

ஞாயிறு கூட்டத்தில் திருவிழாக் கமிட்டித் தலைவர் அகஸ்டின் இதை அறிவித்தார். ஜங்ஷன் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கொடிமரத்துப் பீடத்தை இந்த வருடம் தன் செலவில் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். அறிவித்து முடிக்குமுன் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"ட்ரோனு எதுக்குங்க? கல்யாணத்துக்குப் படம் புடிக்கிறது அது. நம்ம பங்குல ஹெலிகாப்டரே இருக்குது."

"பறக்குமாய்யா?" என்றார் அகஸ்டின்.

"ஃபுல் மெட்டலுங்க."

கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. கை தட்டினார்கள். சொந்தப் பங்கில், அதாவது சொந்தக் கோயிலின் எல்லைக்குள்ளேயே, ஹெலிகாப்டர் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? அங்கேயே போன் போட்டு ட்ரோன்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வாய் திறக்குமுன் நன்றி செபம் தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் காம்பவுண்டில் எல்லோருக்கும் கேட்டது.

"எத்தினி வருசமா கொடியேத்தத்த எங்ககிட்ட குடுங்கன்னு கேட்டு வாங்கினது தெரியுமா? வெள்ளிக்கெழம கொடி மேல பூ வுழலன்னா, அடுத்தாப்பல எந்த மொகத்த வச்சிக்கிட்டு நான் செபமாலைக்கு வூடு வூடா போயி கூப்புடுவேன்?"

"வுழும் ஜோஸ்பினு."

"கடைசியா எப்ப பறக்க வுட்டீங்க?"

"அது முக்கியமில்ல."

"அதுதாங்க முக்கியம்! அஞ்சி நாளு இருக்குது. தெனம் வேல முடிஞ்சி ஒரு மணி நேரம் காலி மனைக்குப் போங்க. இருக்கிறத வச்சிப் பழகுங்க."

"இருக்கிறத வச்சிப் பழகுனா பழசுக்குதானே கை பழகும்? புது கொக்கி வருது. அத மாட்டுனப்பறம் மறுபடியும் மொதல்லேர்ந்து பழகணும். ரெட்ட வேல."

இந்த வாக்கியத்தை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லமுடிகிறதா? எனக்கும் முடியவில்லை. இந்த இனத்தின் வாதங்கள் அவர்களுடைய பார்ட்டுகள் மாதிரியே. எங்கேயும் விரிசல் இருக்காது. பறக்காது, அவ்வளவுதான்.

புதுக் கொக்கி என்பது, ஹெலிகாப்டரின் வயிற்றில் தொங்குகிற பூக்கூடையைச் சமயம் பார்த்துத் திறந்துவிடுகிற எவர்சில்வர் கொக்கி. அக்கா ஒரு நூல் கட்டித் தருகிறேன் என்றார். நூல் அறுந்துவிடும் என்றார் அண்ணன். நான் தினமும் காலையிலும் மாலையிலும் பார்சல் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. திங்கள் பெங்களூர். செவ்வாய் சேலம். புதன் வேப்பூர். வியாழனும் வேப்பூர். நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி வர அதற்கும் மனசில்லை போலிருக்கிறது. வியாழனன்று அண்ணன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வேப்பூருக்கே போய், கூரியர் வண்டி நிற்கும் பரோட்டாக் கடை வாசலில் மூன்று மணிநேரம் காத்திருந்து, கையோடு வாங்கிவந்தார். அந்த மூன்று மணிநேரமும் காலி மனையில் காற்று இல்லை. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே, புத்தகத்தில் அதே பக்கத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை. கொடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே கூட்டம். அன்பியத்துப் பெண்கள் எல்லாம் ஒரே நிறத்துப் புடவை, மாம்பழ நிறம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து அன்பியமும் வந்திருந்தது, முன்வரிசையிலேயே. இரண்டு வாளி நிறைய ரோஜா இதழ். ஒரு வாளியிலிருந்து அள்ளிக் கூடையில் நிரப்பினார் அண்ணன்.

"அண்ணே, கூடையோட சேத்துத் தூக்குமா?" என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. கொடியேற்றத்துக்கு நாலு நிமிடம் இருந்தது.

"மெட்டல் பாப்பா," என்றார் கனிவாக. தனக்கு ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஹெலிகாப்டருக்கும் ஒன்று போட்டார்.

பங்குத்தந்தை கயிற்றை இழுக்கத் தொடங்கினார். பேண்டு வாத்தியம் முழங்கியது. கொடி அசைந்து மேலே ஏறியது. ஹெலிகாப்டரின் இறக்கைகள் சுற்றின, வேகமாகச் சுற்றின, மண் பறந்தது, கூட்டம் "ஓ" என்றது, அதுவும் கிளம்பியது. கணுக்கால் உயரம். முழங்கால் உயரம். அதற்கு மேல் வரவில்லை. முழங்கால் உயரத்தில் நின்று, சுமைதூக்குகிறவர் எழ முடியாமல் தம் பிடிப்பதுபோல, நடுங்கியது. இறக்கைகள் கீழே தள்ளிய காற்று நேராகக் கூடைக்குள் இறங்கியது. கொக்கி திறக்கவேயில்லை, திறக்கும் வேலையும் அதற்கு வரவில்லை. இதழ்கள் கூடையின் வாய்வழியாகப் பீறிட்டு, தரையோடு தரையாக நாலாபக்கமும் பறந்து, முன்வரிசையின் முழங்காலிலும் டிரம்பெட் ஊதியவரின் வாயிலும் போய் ஒட்டின. பூமழை கீழிருந்து பெய்த முதல் கொடியேற்றம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அண்ணன் ரிமோட்டில் எதையோ அழுத்தினார். கனம் குறைந்த ஹெலிகாப்டர் திடீரென்று இடுப்புயரம் எம்பி, ஒருபக்கமாகச் சாய்ந்து, போன வேகத்தில் கொடிமரத்துப் பீடத்தில் மோதி விழுந்தது.

பேண்டு நின்றது. பங்குத்தந்தையின் கை நின்றது. கொடி பாதிக் கம்பத்தில் நின்றது, யாருக்கோ துக்கம் அனுசரிப்பதுபோல.

அண்ணன் கயிற்றைத் தாண்டி ஓடினார். யாருக்காவது அடிபட்டதா என்று பார்க்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். மண்டிபோட்டு ஹெலிகாப்டரை எடுத்து, காதருகே பிடித்து, நகத்தால் தட்டினார். அந்த அமைதியில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டிங்.

"ஒரு கீறல் இல்ல!" என்று கையை உயர்த்திக் காட்டினார். "பாத்தீங்களா? இவ்ளோ அடிக்கு, ஒரு கீறல் இல்ல!"

"கீறலு இங்க இருக்குதுய்யா," என்றார் அகஸ்டின்.

பீடத்தில் பதித்திருந்த டைல்ஸ் பலகை. நீல எழுத்தில் "உபயம்: தே. அகஸ்டின் குடும்பத்தார்" என்று இருந்தது. சரியாக அகஸ்டினுக்கும் குடும்பத்தாருக்கும் நடுவில் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. அடியைத் தலை வாங்கவில்லை, தண்டு வாங்கவில்லை, சக்கரம் வாங்கவில்லை. உள்ளே இடமில்லாமல் அடி வெளியே வந்து வேறு வீடு பார்த்துக்கொண்டது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அன்னிக்கே சொன்னேன்ல" என்று ஒரு குரல். மாம்பழ நிறப் புடவைகள் எல்லாம் தலை குனிந்தன. நான் ஜோஸ்பின் அக்காவைத் தேடினேன். அவர் இருந்த இடத்தில் இல்லை. இரண்டாவது வாளியும் இல்லை.

ஆலயத்தை ஒட்டிய அலுவலக மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் முதலில் வாளி தெரிந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா தெரிந்தார். "ஃபாதர், நிக்காதீங்க, இழுங்க!" என்று கத்தினார்.

கொடி நகர்ந்தது. அக்கா இரண்டு கையிலும் அள்ளி வீசினார். முதல் வீச்சு அவசரத்தில் உதிராமல் அப்படியே போய் பங்குத்தந்தையின் தலையில் பொத்தென்று விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். இரண்டாவது வீச்சு விரிந்தது. மூன்றாவது கொடியைத் தொட்டது. அதற்கப்புறம் வாளி காலியாகும்வரை விழுந்துகொண்டே இருந்தது, கொடியின் மீதும், அந்தோணியார் படத்தின் மீதும், அண்ணாந்து நின்ற எல்லா அன்பியங்களின் மீதும், பாரபட்சம் பார்க்காமல். டிரம்பெட்காரர் வாயிலிருந்த இதழைத் துப்பிவிட்டு ஊத ஆரம்பித்தார். முன்வரிசையில் சிரித்த அம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்த அக்காவை மாம்பழப் புடவைகள் சூழ்ந்துகொண்டன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெலிகாப்டருடன் வந்தார் அண்ணன்.

"ஜோஸ்பினு, பாத்தியா? அவ்ளோ வேகமா வுழுந்தும்..."

"பாத்தேன்." அக்கா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். வருடக்கணக்காகப் பிசிறு சுரண்டிய தழும்பு, அதன் மேல் ரோஜாச் சிவப்பு. "இது நாப்பத்தோரு வருசம் ஆன ஒரிஜினலு. ஒரு பார்ட்டும் மாத்தல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அண்ணனும் சேர்ந்துகொண்டார். அவர் நல்ல மனிதர். நான் அதை முன்பே சொல்லியிருக்கவேண்டும். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்:

"பாப்பா, ஒடயாத டைல்சு ஏதாவுது இருக்குதா, நெட்டுல பாரேன். அகஸ்டின் அண்ணனுக்கு நாமளே நல்லதா ஒண்ணு போட்டுக் குடுத்துடலாம். லைஃப் டைமா."

நான் போனை எடுத்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், எடுத்துத் தேடவும் ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அது இருக்கட்டும். கடலூர்ல அந்த லேப் வேலைக்கு எழுதிப் போடச் சொன்னேனே, போட்டியா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் சர்டிபிகேட் வந்துடட்டும்னு பாக்கறேன்க்கா. அது இருந்தா இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கும்."

முழங்கால் உயரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரைச் சற்றுமுன் எப்படிப் பார்த்தாரோ, அப்படி அக்கா என்னைப் பார்த்தார். கடைசித் தேதி செவ்வாய்க்கிழமை. இதை எழுதும்போது திங்கள் காலை. விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. அதை நிரப்பாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கும் தெரிகிறது. இதோ, எழுந்துவிட்டேன்.

நீங்கள் இருங்கள். உங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் மனத்தில் வந்திருக்குமே? இந்தப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பவேண்டும் என்று கை பரபரக்குமே? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்குமுன், வந்திருக்கும் செய்திகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர் உங்களை முந்தியிருக்கக்கூடும்.